ஒரு மறுப்புச் சொல்லின் வரலாறு

2022-இல் நீக்கப்படும் வரை, லினக்ஸ் கெர்னலின் தொடக்கக் கட்டளை வரியில் இடத்தக்க சொற்களுள் ‘நோ-எல்டிஎல்பிஸ்’ என்பதும் ஒன்றாக இருந்தது. பவர்பிசி குடும்பத்தின் எம்பெடட் செயலிகளுக்கென உருவான இச்சொல் எதையும் இயக்கவில்லை. ஒரு வசதியை வேண்டாம் என்று மட்டுமே சொன்னது.

மறுக்கப்பட்ட வசதி யாது? நிரல்கள் கையாளும் மெய்நிகர் முகவரிகளை இயல்நினைவக முகவரிகளாக மாற்றும் பதிவுகளைச் செயலி ‘டிஎல்பி’ என்னும் சிறு அட்டவணையில் வைத்திருக்கிறது. 1990-களில் மோட்டோரோலா வெளியிட்ட எம்பிசி860 செயலியில் தரவுக்கு 32, கட்டளைகளுக்கு 32 பதிவுகளே இருந்தன. பக்கம் 4 கிலோபைட் எனில், 32 பதிவுகள் எட்டும் பரப்பு 128 கிலோபைட் மட்டுமே. அட்டவணையில் இல்லாத முகவரி வரும்போதெல்லாம் கெர்னலே குறுக்கிட்டுப் பதிவை நிரப்ப வேண்டும். அச்செயலியோ 8 மெகாபைட் பக்கத்தையும் ஏற்கும். அத்தகைய ஒரு பதிவு 2,048 சிறு பதிவுகளின் வேலையைச் செய்துவிடும். கெர்னல் தன் நினைவகத்தைப் பெரும்பக்கங்களால் வரைந்துகொண்டால், எஞ்சிய பதிவுகள் பயனர் நிரல்களுக்குக் கிடைக்கும்.

ஆயினும் ஒரு பக்கத்திற்கு ஒரே காப்புரிமைதான். எட்டு மெகாபைட்டின் நடுவே ஒரு சிறு துண்டை மட்டும் படிப்பதற்குரியதாக்கவோ, அணுகவியலாததாக்கவோ முடியாது. விடுவிக்கப்பட்ட நினைவகத்தை ஒரு நிரற்பகுதி தவறாகத் தொடுவதைக் கண்டறிய, அப்பக்கத்தின் வரைவை நீக்கி வைப்பதே வழி. அதற்கு 4 கிலோபைட் நுண்மை இன்றியமையாதது. வேகத்திற்காகச் செய்த ஏற்பாடே பிழையை மறைக்கும் திரையாகிவிடுகிறது. கெர்னலை மீண்டும் தொகுக்காமல் அத்திரையை விலக்கவே இந்த மறுப்புச் சொல்.

அது வாசிக்கப்பட்ட முறையும் குறிப்பிடத்தக்கது. நினைவக வரைவு, கெர்னலின் பொதுத் தொடக்கச் செயற்கூறுக்கும் முன்பே அமைந்தாக வேண்டும். கட்டளை வரியை முறையாகப் பகுத்தறியும் பொறி அதற்குள் விழித்திருக்காது. எனவே வரி முழுவதிலும் அவ்வெழுத்துத் தொடர் எங்கேனும் உள்ளதா என்று தேடும் எளிய உத்தியே கையாளப்பட்டது. இலக்கணம் தோன்றுமுன் ஒலியை மட்டும் அடையாளம் காணும் நிலை அது.

இவ்விருப்பம் முதலில் ‘40எக்ஸ்’ வரிசைச் செயலிகளுக்காகவே ஏற்பட்டது. 2016-இல் ‘8எக்ஸ்எக்ஸ்’ வரிசையிலும் கெர்னல் நினைவகம் 8 மெகாபைட் பக்கங்களால் வரையப்பட்டபோது புதுச்சொல் ஆக்கப்படவில்லை. பழஞ்சொல்லின் பொருளே விரிந்தது. பக்க ஒதுக்கீட்டுப் பிழைகாணும் வசதி இயங்கினால், யாரும் சொல்லாமலே அதே மறுப்பு நடைமுறைக்கு வந்தது. 2024-இல் 40எக்ஸ் வரிசைக்கான ஆதரவு கெர்னலிலிருந்து நீக்கப்பட்டது.

செயலிகள் வரும், போகும். விரைவை இயல்பாகவும் நுண்மையை விதிவிலக்காகவும் வைத்த ஒரு முடிவு மட்டும் இம்மறுப்பு முன்னொட்டில் பதிவாகியிருந்தது. விதிவிலக்கிற்கு ஒரு பெயர் இருந்ததனாலேயே, பிழை தேடியவர்களுக்கு ஒரு வாயில் திறந்திருந்தது.