எலக்ட்ரிகல் துறையில் குடியிருந்த கம்ப்யூட்டர்

நான் படிச்சது ஈஈஈ, வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரு மாமாவாவது, "கரண்ட்டைப் படிச்சிட்டு கம்ப்யூட்டர்ல என்னப்பா பண்றே?"ன்னு கேட்டுடுவார். இந்த எபிசோடை அவருக்கான பதில்னு வெச்சுக்கலாம். ஏன்னா, இந்தியாவில் கம்ப்யூட்டர் ஒரு கல்லூரிப் படிப்பா வளர ஆரம்பிச்சதே ஒரு எலக்ட்ரிகல் துறைக்குள்ளதான்.

இடம், ஐஐடி கான்பூர். வருஷம், 1963. அந்த ஐஐடி தொடங்கி நாலு வருஷம்கூட முழுசா ஆகலை. ஆரம்ப வகுப்புகள் நடந்தது, ஊருக்குள் ஏற்கெனவே இருந்த இன்னொரு கல்லூரியின் கேன்டீன் கட்டடத்தில்! முதல் இயக்குநர் பி.கே. கேல்கரும் எலக்ட்ரிகல்காரர்தான்.

அது பனிப்போர் காலம். பம்பாய் ஐஐடிக்கு சோவியத் யூனியன் உதவி, சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, கான்பூருக்கு அமெரிக்கா. எம்ஐடி, பிரின்ஸ்டன், பெர்க்லி உட்பட 9 அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 1962லிருந்து 10 வருஷம் கைகொடுத்தன. இதில் அரசியல் இல்லாம இருக்குமா? இருந்தது. ஆனா அந்த அரசியலோட சேர்ந்து 1963 ஆகஸ்டில் ஒரு மெஷினும் வந்தது. பெயர், ஐபிஎம் 1620.

இந்த மெஷினைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். இதோட அடிப்படை மெமரி 20,000 இலக்கங்கள். உங்க போன்ல இருக்கிற ஒரே ஒரு போட்டோவைக்கூட அதுக்குள்ள வைக்க முடியாது. அதைவிட வேடிக்கை, இந்த மெஷினுக்குக் கூட்டத் தெரியாது! 2-ஐயும் 3-ஐயும் கொடுத்தா, மெமரியில் எழுதி வெச்சிருக்கிற வாய்ப்பாட்டைப் பார்த்து 5ன்னு சொல்லும். நம்ம இரண்டாம் வகுப்பு மாதிரிதான். அந்த வாய்ப்பாடு தப்பித்தவறி அழிஞ்சு போச்சுன்னா, கணக்கெல்லாம் தப்பாத்தான் வரும். அமெரிக்காவில் இதுக்கு 'கேடட்'னு ஒரு பட்டப்பெயரே உண்டு. 'கூட்ட வராது, முயற்சியும் பண்ணாது'ங்கிறதோட ஆங்கிலச் சுருக்கம் அது.

இந்தியாவுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரும் இது இல்லை. கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் 1950களின் நடுவிலேயே ஒன்று இருந்தது. பம்பாயில் டாடா ஆராய்ச்சி நிறுவனம் 'டிஃப்ராக்'னு ஒன்றைத் தானே கட்டி, 1960ல் இயக்கியும் காட்டிடுச்சு. என்னைக் கேட்டா, பொறியியல் சாதனைன்னு பார்த்தா அதுதான் பெரிசு. ஆனா அவையெல்லாம் ஆராய்ச்சியாளர்களுக்கான மெஷின்கள். கான்பூரில் என்ன வித்தியாசம்னா, மெஷின் வந்த அந்த ஆகஸ்டிலேயே மாணவர்களுக்குப் புரோகிராமிங் வகுப்பு தொடங்கிடுச்சு. 20 வயசுப் பசங்க (பெரும்பாலும் பையன்கள்தான், அதையும் சொல்லணும்) எழுதின தப்பும் தவறுமான புரோகிராம்களையும் அந்த விலை உயர்ந்த மெஷின் ஓட்டிப் பார்த்தது.

எழுதறதுன்னா இன்னைக்கு மாதிரி இல்லை. முதல்ல தாளில் ஃபோர்ட்ரான் எழுதணும். அப்புறம் ஒரு வரிக்கு ஓர் அட்டைன்னு துளை போடணும். கட்டா அடுக்கிக் கொடுத்துட்டு வரிசையில் காத்திருக்கணும். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருந்தா, அந்த அட்டையை மாத்திட்டு மறுபடியும் வரிசை. அட்டைக்கட்டு கை தவறிக் கீழே விழுந்தா? அதை நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

பாடம் நடத்தினவர்களில் ஒருத்தர் வி. ராஜாராமன். 1933ல் ஈரோட்டில் பிறந்தவர், படிச்சு வளர்ந்தது டெல்லியில். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், எம்ஐடி, விஸ்கான்சின்னு சுற்றிட்டு, 1963ல் கான்பூரில் சேர்ந்தார். எந்தத் துறையில்? எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் உதவிப் பேராசிரியரா. அப்போ 'கம்ப்யூட்டர் துறை'ன்னு ஒன்று இருந்தாத்தானே அதில் சேர முடியும்! எலக்ட்ரிகல் துறைத் தலைவர் எச்.கே. கேசவன்தான் கம்ப்யூட்டர் மையத்தையும் பார்த்துக்கிட்டார்.

1965ல் எலக்ட்ரிகல் எம்.டெக். படிப்புக்குள்ளயே கம்ப்யூட்டர் சயின்ஸை ஒரு விருப்பப் பிரிவா வெச்சாங்க. நாட்டில் அப்படி ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 1969ல் அங்கே முடிச்ச எம்.டெக். பட்டமும் எலக்ட்ரிகல்தான். கன்ட்ரோல் தியரி ஆர்வத்தில் இருந்தவரைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பியது அந்த வளாகம்தான்.

இதே காலத்தில் வெளியே நிலைமை எப்படி இருந்தது தெரியுமா? கல்கத்தாவில் எல்ஐசிக்குக் கம்ப்யூட்டர் வரக்கூடாதுன்னு தொழிற்சங்கங்கள் பெரிய போராட்டமே நடத்தின. வேலை போயிடும்ங்கிற பயம். ஏஐ வந்து நம்ம வேலையைத் தின்னுடுமான்னு இன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம யோசிக்கிறவங்க அந்த குமாஸ்தாக்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. வேலைக்கு உத்தரவாதமே இல்லாத அந்தச் சூழலில்தான் கான்பூர் பசங்க இந்தப் பாடத்தை எடுத்தாங்க.

மெஷினைவிட அதிக தூரம் போனது ஒரு புத்தகம்னு நான் சொல்லுவேன். ராஜாராமன் தன் வகுப்புப் பாடங்களிலிருந்து எழுதின 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' 1969ல் வெளிவந்தது. விலை 15 ரூபாய். அன்றைய கணக்கில் இரண்டு டாலர். அமெரிக்கப் பாடப்புத்தகங்களை வாங்க முடியாத மாணவர்களுக்கும் அது எட்டுச்சு. கம்ப்யூட்டரையே பார்க்காத கல்லூரிகளிலும் ஃபோர்ட்ரான் படிக்க முடிஞ்சது.

எங்க பெரியப்பா அப்படிப் படிச்சவர்தான். மின்வாரிய வேலைக்குத் தயாராகிட்டு இருந்தவர், நண்பர்கிட்ட இரவல் வாங்கின அந்தப் புத்தகத்தை வெச்சுக்கிட்டு நோட்டில் புரோகிராம் எழுதுவாராம். ஓட்டிப் பார்க்க மெஷின் கிடையாது. அதனால அவரே மெஷினா மாறி, ஒவ்வொரு வரியா மாறிகளோட மதிப்பை ஓரத்தில் எழுதிக்கிட்டே போவார். அவர் எழுதின புரோகிராம் நிஜமா ஒரு மெஷின்ல ஓடினப்போ, அவருக்குக் கல்யாணமே ஆயிடுச்சு.

கான்பூரில் 1971ல்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் தனி எம்.டெக். ஆச்சு. பி.டெக். வர 1978 ஆச்சு. மெஷின் வந்து 15 வருஷம்! அதுவரைக்கும் பி.டெக்.ல கம்ப்யூட்டர் பைத்தியம் பிடிச்ச எல்லாரும் எலக்ட்ரிகல், மெக்கானிக்கல்னு வேற ஏதோ ஒரு பட்டத்தோடதான் வெளியே வந்தாங்க.

1973ல் சென்னை ஐஐடிக்கு ஒரு பெரிய ஐபிஎம் 370 வந்தது. அந்தக் கதை அடுத்த வாரம்.