தஞ்சை மாவட்டத்தின் எல்லைகள்

நான் ஆசிரியப் பணியேற்ற 1980-களில், திருப்பனந்தாளில் கரும்பலகையில் வரைந்து காட்டிய தஞ்சை மாவட்டம் வேதாரணியக் கடற்கரை வரை நீண்டிருந்தது. இன்று அப்படம் பழங்கதை.

எல்லைகள் மாறுவது புதிதன்று. முதலாம் இராசராசன் நிலத்தை அளப்பித்து, நாடுகள் பலவற்றை வளநாடுகளாகத் தொகுத்தான். பின்னாளில் மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஆட்சியைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். கோட்டையும் அதன் சுற்றுப்புறமுமே அவரிடம் எஞ்சின. நாடு மாவட்டமாயிற்று, வரி தண்டக் கலெக்டர் வந்தார். 1855-இல் மன்னர் சிவாசி ஆண் வாரிசின்றி மறையவே, எஞ்சியதும் கம்பெனி வசமாயிற்று.

விடுதலைக்குப் பின், 1991-இல் நாகப்பட்டினமும், 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாயின. திருப்பனந்தாள் தஞ்சையிலேயே நின்றது. கிழக்கே சில கல் தொலைவில் மயிலாடுதுறை மாவட்டம் தொடங்குகிறது.

இதனால் நன்மை உண்டு. மனுவோடு தஞ்சைக்கு நெடும்பயணம் செய்த கடலோர உழவர்க்கு ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்தது. ஆயினும் காவிரி எல்லைக்கல்லை அறியாது. மேட்டூர் நீர் நம் மாவட்டத்தைக் கடந்தே கடைமடையைச் சேரவேண்டும். இங்கே மிகுதியாகத் தேக்கினால் அங்கே பயிர் காயும். ஆட்சி பிரிந்தாலும் பொறுப்பு பிரியவில்லை. ஆகவே படம் வரையும்போது, எல்லைக்கோட்டிற்கு முன் ஆற்றை வரையுங்கள்.