அப்புத்தளைத் தோட்டங்களும் தோல் நோயும் : ஒரு வரலாற்று நோக்கு

இலங்கைப் பெருந்தோட்டங்களின் மருத்துவ வரலாறு பெரும்பாலும் கொள்ளைநோய்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வாந்திபேதியும் பெரியம்மையும் மலேரியாவும் உயிரைக் கொண்டுபோயின. ஆகவே அவை ஏடுகளிற் பதிவாயின. உயிரைக் கொல்லாது உறக்கத்தை மட்டும் கெடுக்கும் அரிப்பு, சிரங்கு, வெடிப்பு, கரப்பான் ஆகியவை அத்தகைய கவனத்தைப் பெற்றில. ஆயினும், தோட்டத் தொழிலாளர் எத்தகைய நிலத்தில் நடந்தனர், எதனை உடுத்தனர், எவ்வளவு இடத்தில் உறங்கினர் என்பனவற்றுக்கு அவர்தம் தோல் சிறந்த சான்றாகும். அச்சான்று நெடுங்காலம் தவறாக வாசிக்கப்பட்டது. சூழல் விளைத்த நோய், தொழிலாளரின் அசுத்தப் பழக்கம் விளைத்த நோயாகக் கருதப்பட்டது. இக்கருத்து எவ்வாறு தளர்ந்தது என்பதை ஊவா மாகாணத்து அப்புத்தளைப் பகுதியை மையமாகக் கொண்டு நோக்குவது பயனுடையது.

அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், தெற்குச் சமவெளியை நோக்கிச் சரியும் மலைமுகட்டில் அமைந்துள்ளது. ஆண்டின் நடுப்பகுதியில் மலையைக் கடந்து வீசும் வறண்ட காற்று ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தை அளிக்கின்றது. அதே காற்று மனிதத் தோலின் ஈரத்தையும் கவர்ந்து செல்கின்றது. உதடு, குதிகால், விரல் நுனி ஆகியன வெடிக்கின்றன. ஆண்டின் இறுதியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகின்றது. நனைந்த ஆடை, சேறு, அட்டைக்கடி ஆகியவை தோலை ஊறவைத்துப் புண்ணாக்குகின்றன. வறட்சி, ஈரம் ஆகிய இரண்டு எதிர்நிலைகளையும் ஓராண்டுக்குள் தாங்க வேண்டிய தோல் இப்பகுதி உழைப்பாளருடையது.

1869 அளவிற் பரவத் தொடங்கிய இலைத்துரு நோயினாற் கோப்பி அழிய, அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் தம்பத்தென்னையிற் தேயிலைத் தொழிற்சாலையை நிறுவினார். 1893இற் புகையிரதப் பாதை அப்புத்தளையை எட்டியது. அதற்கு முன்னர்த் தமிழகத்திலிருந்து வந்தோர் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியாக நடந்தே மலையேறினர். காலணி அவர்களுக்கில்லை, தோட்டத்திலும் வெறுங்காலே வழக்காயிற்று. உழைப்பின் ஒவ்வொரு கருவியும் உடலின் ஓரிடத்தைத் தொட்டது. கூடையின் கயிறு தலையை அழுத்தியது. இடுப்பிற் கட்டிய படங்கு மழைநீரைத் தேக்கித் தொடையை உராய்ந்தது. கொழுந்தின் சாறு விரல்களைக் கறுக்கச் செய்து, வெடிப்புகளில் ஊறியது.

உறைவிடமும் இதற்குத் துணைபோயிற்று. லயத்தின் ஓர் அறை பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளே ஒரு குடும்பம் முழுவதும், சிலவேளை அதற்கு மேற்பட்டோரும், நெருங்கிப் படுத்துக் கம்பளியைப் பகிர்ந்துகொண்டனர். சொறி சிரங்கு பரவுவதற்கு இதனிலும் ஏற்ற இடமில்லை. அந்நோய்க்குக் காரணம் தோலைத் துளைத்து வாழும் நுண்ணிய உண்ணியே என்பதை இத்தாலிய மருத்துவர் பொனோமோ 1687இலேயே எடுத்துக்காட்டியிருந்தார். தோல்தோடு தோல் நெருங்கியிருப்பதாற் பரவும் இந்நோய், நன்கு குளிப்பவரையும் விட்டுவைப்பதில்லை. ஒருவருக்கு மட்டும் களிம்பு பூசி அனுப்பினால் அடுத்த கிழமையே அறையிலுள்ள ஏனையோரிடமிருந்து அது மீண்டும் தொற்றும். எனவே பிணியின் வேர் அழுக்கிலன்று, நெருக்கடியிலேயே இருந்தது எனலாம்.

காலில் தோன்றிய அரிப்பின் வரலாறு இன்னும் அறிவூட்டுவது. விரலிடுக்கிற் சிவந்து, கொப்புளித்துப் புண்ணாகும் ஒரு நோயை அக்கால ஆங்கில மருத்துவ நூல்கள் 'கூலி அரிப்பு' என்றும் பெயரிட்டழைத்தன. பெயரே நோயைத் தொழிலாளரின் இயல்பாக்கிவிட்டது. 1898 அளவில் எகிப்திற் பணியாற்றிய ஆர்தர் லூஸ் என்னும் அறிஞரின் கைமீது கொளுக்கிப்புழுவின் குடம்பிகள் கொண்ட நீர் தற்செயலாகச் சிந்தியது. அவ்விடம் சிவந்து அரித்தது. பின்னர் அப்புழு அவரது குடலிலேயே காணப்பட்டது. 1902இல் அசாம் தேயிலைத் தோட்டங்களில் ஆய்ந்த பென்ற்லி என்னும் மருத்துவர், தொழிலாளரின் கால் அரிப்புக்கு மண்ணிலுள்ள அக்குடம்பிகளே காரணமென நிறுவினார். 'கூலி அரிப்பு' கூலிக்குரியதன்று. மலங்கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நிற்கும் எவருக்கும் உரியது என்பது இதனாற் புலனாயிற்று. வெம்மையான மண்ணிலே அக்குடம்பிகள் நன்கு வளர்வதால், குளிர்மிக்க முகட்டினும் கீழ்ச்சரிவுகளே அவற்றுக்கு உகந்தவை.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப்பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாக வகுத்தது. 1912இல் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது. 1916இல் றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் மாத்தளைத் தோட்டங்களில் ஆரம்பமாயிற்று. புழுவை வெளியேற்றும் மருந்து வழங்கப்பட்டது. ஆனால் மருந்துண்டவர் அதே மண்ணுக்கே திரும்பினர். மலகூடமும் காலணியும் இல்லாதவிடத்து மருந்தின் பயன் நிலைக்காது. மருந்து ஒருநாட் செலவு, மலகூடமோ முதலீடு. தோட்டப் பொருளாதாரம் இவ்விரண்டில் எதனை எளிதாக ஏற்றிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் புதியதொரு காரணம் சேர்ந்தது. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியபின் செப்புக் கலந்த பங்கசு நாசினிகள் தெளிக்கப்பட்டன. பின்னர்க் களைநாசினிகள் வந்தன. அவற்றுள் பாரகுவாட் தோலையும் நகத்தையும் அரிக்கவல்லது; வெடித்த தோலினூடாக உடலுக்குள்ளும் செல்லவல்லது. 2008 முதல் 2011 வரையான காலத்தில் அது படிப்படியாக விலக்கப்பட்டது. இத்தகைய பொருள்கள் விளைக்கும் தோலழற்சியை இருவகையாகப் பிரிப்பர். ஒன்று, பொருளின் காரத்தால் எவர்க்கும் உண்டாகும் உறுத்தல். மற்றது, முன்னர்ப் பழகிய ஒரு பொருளை உடல் பகையென இனங்கண்டு கிளர்ந்தெழும் ஒவ்வாமை. பின்னையதைக் கண்டறியும் ஒட்டுச் சோதனையை 1895இல் யாடசோன் விளக்கினார். அலர்ஜி என்னும் சொல்லை 1906இற் பிர்கே ஆக்கினார். தேயிலைத் தூசு தொழிலாளரின் மூச்சையும் பாதிக்கும் என்பதை இலங்கை மருத்துவர் ஊறகொட 1970இல் எடுத்துக்காட்டினார். உழைக்கும் பொருளே உடலுக்குப் பகையாகலாம் என்னும் உண்மை இவ்வாறு உறுதிப்பட்டது.

தொழிலாளரிடத்தும் தமக்கென ஓர் அறிவு மரபு இருந்தது. திடீரெனத் தடித்து அரிப்பதைத் தமிழ் வழக்கு 'காணாக்கடி' என்கின்றது. கடித்தது எதுவெனக் காணப்படாவிடினும் புறக்காரணம் ஒன்றுண்டு என்னும் துணிபு அப்பெயரிற் பொதிந்துள்ளது. சில உணவுகளைக் 'கரப்பான் பண்டம்' என விலக்கியதும் காரணம் தேடிய முயற்சியே. தேங்காயெண்ணெய் பூசும் வழக்கம் வறண்ட தோலுக்கு நன்மை செய்வதே. ஆயினும் மரபு அனைத்தும் ஏற்கத்தக்கதன்று. காரணமறியாது உணவைக் குறைத்தால் ஏற்கெனவே போசாக்குக் குன்றிய குழந்தை மேலும் நலியும். புண்பட்ட தோலில் அரைத்துப் பூசும் பச்சிலை தானே உறுத்தலாகவும் கூடும்.

2006இல் தோலின் வெளிப்படையைக் காக்கும் பிலாக்கிரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் பரம்பரைக் கரப்பானுக்குமுள்ள தொடர்பு நிறுவப்பட்டது. சிலருடைய தோல் பிறப்பிலேயே காப்புக் குன்றியது என்பது இதன் பொருள். அத்தகையோர்க்குக் காரமிக்க சவர்க்காரத்தால் அடிக்கடி தேய்த்துக் கழுவுவது நோயைப் பெருக்கும். மென்மையான சவர்க்காரம், குளித்தவுடன் பூசும் எண்ணெய்ப்பசை, நனைந்த ஆடையை விரைந்து மாற்றல், தெளிப்பு வேலையிற் கையுறை ஆகியனவே முதற் பாதுகாப்பு. கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீரொயிட் களிம்பு அரிப்பை உடன் தணித்தாலும் படர்தாமரையை மறைத்துப் பரப்பும். ஆதலின் அதனை மருத்துவர் சொல்லியே பூசல் வேண்டும்.

இவ்வறிவுரைகள் யாவும் எளியவை. ஆயின் நீர் வராத குழாயும், மாற்றுடை உலர இடமில்லாத அறையும், கையுறை வழங்கப்படாத தெளிப்பு வேலையும் உள்ளவிடத்து அவை வெறுஞ் சொற்களாகும். அரிப்புடையவரை நோக்கிச் 'சுத்தமாக இரு' என்பது எளிது. அவர் நிற்கும் மண்ணையும் படுக்கும் அறையையும் தொடும் மருந்தையும் ஆராய்வது அரிது. எனினும் காரணம் கண்டவிடத்தெல்லாம் பழி அகன்றது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.