பட்டாரும் மீண்டாரும்

போரிற் பட்ட மறவனுக்குக் கல்நட்டு, அதன்கண் அவன் பெயரையும் செயலையும் பொறித்து வழிபடுதல் பழந்தமிழர் வழக்கம் என்பது யாவரும் அறிந்ததே. அக்கல்லைத் தேர்ந்து காண்பது முதலாக வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வகுத்தோதினார். சங்கச் செய்யுட்களிலும் நடுகல் பலவிடத்தும் வருகிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டு தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தபின், இவ்வழக்கத்தின் தொன்மையில் ஐயுறுவார் இலர். இங்ஙனம் பட்டவனைப் பற்றிய ஆராய்ச்சி நம்மிடையே பெருகி வளர்ந்திருக்கிறது. ஆயின் அவனுக்கு அருகில் நின்று பொருது, படாது மீண்டு, நரைத்து மூத்து, தன் மனைக்கண் கிடந்து இறந்தவன் ஒருவன் உளன் அல்லனோ? அவனுக்கு நாடு செய்த சிறப்பு யாது? இவ்வினாவை நாம் போதிய அளவு எழுப்பவில்லை என்றே கருதுகிறோம்.

எழுப்பாமைக்குக் காரணம் சான்றுகளின் இயல்பிலேயே உள்ளது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-ஆம் ஆண்டில் தொகுத்து நூலாக வெளியிட்டது. அவற்றுட் பலவற்றின் வாசகம் ஏறத்தாழ ஒரே அமைப்பினது. முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும். அடுத்துத் தலைவன் பெயர். பின்னர்த் தொறுக் கொண்டதோ மீட்டதோ ஆகிய நிகழ்ச்சி. முடிவில் ‘பட்டான்’ என்னும் வினை. இவ்வினைமுற்று இன்றேல் கல்லும் இல்லை. மறவன் எத்துணைப் பெரும்போர் செய்தான் எனினும், உயிரோடு ஊர் திரும்பினானாயின், அவ்வாசகத்தில் அமர்வதற்கு அவனுக்கு ஓர் இடமில்லை. எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல்லொன்று உண்டு. அதில் தலைவன் பட்ட செய்தியோடு, கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்னும் நாயும் பெயரோடு பொறிக்கப்பட்டுள்ளது. நன்றி மறவாத ஊரார் செயல் அது. வியந்து போற்றத் தக்கதே. எனினும் நாய்க்கும் கிடைத்த இடம், உடன்சென்று மீண்ட மாந்தர்க்கு இத்தகைய கற்களிற் கிடைத்தல் வழக்கமன்று.

பட்டவன் குடும்பத்துக்கு நிலம் விடும் வழக்கமும் இருந்தது. உதிரப்பட்டி என்று கல்வெட்டுகள் கூறும் கொடை அதுவே. சொல்லே பொருளை விளக்கும்: சிந்திய குருதிக்கு ஈடாக அளித்த நிலம். அங்கும் கொடைக்கு வாயில் சாவே.

இனி இலக்கியத்தை நோக்குவோம். புறநானூற்றின் மறக்குடிச் செய்யுட்களில் முதுமை பெரும்பாலும் பெண்பாலார் மேல் நிற்கிறது. மகனைக் களத்துக்கு விடுத்த தாயர் முதியர். அவன் புறப்புண் பட்டான் என்று கேட்டுச் சினந்து களத்திற் சென்று தேடியவளும் முதியள். ஆடவன் முதியனாகும் முன்னரே பட்டுவிடுகிறான். ஒக்கூர் மாசாத்தியார் பாடிய செய்யுளில் தந்தை ஒரு போரிலும் கணவன் ஒரு போரிலும் இறந்துபட, மூன்றாம் போருக்கு ஒரே மகன் அனுப்பப்படுகிறான். அக்குடியில் முதிய ஆடவன் எவனும் எஞ்சவில்லை என்பதை நாம் கருதிப் பார்ப்பதில்லை.

நோயால் இறந்த அரசரைத் தருப்பைப் புல்லிற் கிடத்தி வாளாற் பிளந்து அடக்கும் வழக்கத்தை ஔவையார் ஒரு செய்யுளிற் குறிக்கிறார் (புறம். 93). வாள்வடு இன்றி இறத்தல் இழுக்கு என்பது அதன் கருத்து. இச்செய்யுளை இவ்வழக்கத்துக்குச் சான்றாகப் பலரும் காட்டுவர். அது பாடப்பெற்ற சூழலைக் காட்டுவார் சிலரே. அதியமான் நெடுமான் அஞ்சி போரிற் புண்பட்டு நின்றபோது ஔவையார் அவனைப் பாடியது அது. பட்டவனை அன்று, புண்ணோடு மீண்டு நின்றவனைப் பாடியது. ஆகவே உயிரோடு இருப்பவனுக்கும் அக்காலத்தார் ஒரு சிறப்பு வைத்திருந்தனர். அது கல்லில் அன்று, அவன் மெய்யில் எழுதப்பட்டிருந்தது. விழுப்புண் என்னும் சொல்லின் ஆற்றல் அதுவே. வள்ளுவரும் படைச்செருக்கில் அப்புண் பெறாத நாட்களை வீணே கழிந்த நாட்களாக வைத்தெண்ணினார்.

புண்பட்டவனைப் பேணுதலும் புறப்பொருளின் ஒரு துறை. காஞ்சித்திணையில், புண்ணுற்ற கணவனைப் பேய் தீண்டாமல் மனைவி காக்கும் துறை தொடாக்காஞ்சி எனப்படும். வேம்பின் தழையை மனையிற் செருகி, ஐயவி சிதறி, யாழும் பிறவும் இசைத்துப் புண்பட்டோனைக் காக்கும் காட்சியை அரிசில் கிழார் பாடினார் (புறம். 281). நெடுநல்வாடையில் இப்பேணுதல் அரசன்மேல் ஏறுகிறது. வாடைக் காற்றில் தூறல் வீசும் நள்ளிரவில் அரசன் துயிலாது பாசறையிற் சிலரோடு சுற்றி வருகிறான். முன்செல்லும் வீரன் புண்பட்டோரை முறையாகக் காட்டுகிறான். இளைஞன் ஒருவன் தோளின்மேல் அரசன் கைவைத்திருக்கிறான். போர் முடியாத பாசறையில் இதற்குமேற் செய்யத்தக்கது யாதும் இல்லை. ஆயின் இவையெல்லாம் புண் பச்சையாக இருக்கும் நாட்களின் காட்சிகள். புண் ஆறி, வடுவாகி, வடுவும் தோற்சுருக்கத்தில் மறையும் காலத்து அவன் எங்கே?

அவனை முல்லைப்பாட்டிற் காண்கிறோம். நூற்று மூன்றடிகளே உடைய அச்சிறு பாட்டில், பாசறையின் உள்ளிடத்து, அரசன் பள்ளிகொள்ளும் இடத்தைச் சூழ்ந்து பெருமூதாளர் காவல் நிற்கின்றனர். தலையையும் மெய்யையும் துகிலாற் போர்த்தவர். உறக்கத்தாற் சிறிது தள்ளாடுபவர். எனினும் நடையிற் பெருமிதம் குன்றாதவர். மெல்லிய காற்றில் பூத்த அதிரற் புதர் அசைவதுபோல் அவர் அசைந்தனர் என்கிறார் நப்பூதனார். வெண்துகில் போர்த்த நரைமூதாளர்க்கு மலர்ந்த புதரை உவமை கூறிய அப்புலவர் அவரை எள்ளவில்லை. தள்ளாட்டத்தை மறைக்கவும் இல்லை. முதிய வீரனைப் பற்றி நம் மொழியில் உள்ள ஓவியங்களுள் இதனினும் நேரியது ஒன்றை நாம் கண்டிலோம்.

இப்பெருமூதாளரை மெய்காப்பாளர் என்று பொருள்கொள்வது மரபு. இவர் அரண்மனைப் பணியாளரே, போர்வீரர் ஆகார் என்று ஒருவர் வாதிடலாம். ஆயின் இடம் அரண்மனை அன்று, பகைவர் எல்லையில் அமைத்த பாசறை. அங்கு அரசனுக்கு மிக அணுக்கமான காவலை, ஓடவும் பொரவும் வல்ல இளையரிடம் விடாமல், உறக்கம் மேலிடும் முதியரிடம் விட்டது ஏன்? பல போர்களிற் பிழையாமை காட்டி மூத்தவர் என்பதன்றி வேறு காரணம் தோன்றவில்லை. வலிமை குறைந்தவர்க்கு நம்பிக்கையை அளவாகக் கொண்ட பணி கொடுக்கப்பட்டது. கொடையாக அன்று, தொழிலாகக் கொடுத்தமையால் அவர் இரப்பவர் ஆகவில்லை. இதனை நாம் சிறப்பு என்றே கொள்வோம்.

நிலக்கொடையும் இருந்தது. மாராயம் பெற்ற நெடுமொழி என்று தொல்காப்பியர் கூறும் துறை, அரசனாற் சிறப்புப் பெற்ற வீரன் தன் மேம்பாட்டைத் தானே கூறுவது. கூறுதற்கு அவன் உயிரோடு இருத்தல் வேண்டும். ஏனாதி முதலிய பட்டங்கள் இவ்வகையின. மருதநிலத்து ஊர்களைத் தண்ணடை என்று பெயரிட்டு வீரர்க்கு அளித்தமையும் புறநானூற்றால் அறியப்படும். பொன்முடியார் ஒவ்வொருவர்க்கும் உரிய கடனை வகுத்த செய்யுளில், வேந்தன் கடனைக் கூறுமிடத்து ‘நன்னடை’ என்பதற்குத் ‘தண்ணடை’ என்ற பாடமும் உண்டு. முன்னதைக் கொண்டால் வேந்தன் ஒழுக்கம் கற்பிப்பவன். பின்னதைக் கொண்டால் வாழ்வுக்கு நிலம் அளிப்பவன். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லன் கடன் என்று அச்செய்யுள் கூறுதலின், அதனை அடுத்து வேந்தன் கொடுப்பதும் கைப்பொருளாதலே இயைபுடைத்து. ஆகவே தண்ணடையே எமக்கு உவப்பான பாடம். ஆனால் மற்றொரு செய்யுள் (புறம். 287) தண்ணடை பெறுதல் என்ன பெரிது, களத்திற் படுவோர்க்கு மேலுலகத்து மணம் உண்டே என்று வீரரை ஊக்குகிறது. புலவர் உள்ளம் மீண்டும் பட்டவன் பக்கமே சாய்கிறது. உயிரோடு நிலம் பெற்று உழுதுண்டு மூத்தவன் பாட்டுக்கு உரிய பொருளாகத் தோன்றவில்லை போலும்.

பட்டவனுக்குக் கல், மீண்டவனுக்கு நிலம் என்னும் இப்பிரிவினை ஒரே கல்வெட்டில் தெளிவாகக் காட்டுவது கன்னட நாட்டு ஆதகூர்க் கல். 949-ஆம் ஆண்டுத் தக்கோலப் போரில் முதற் பராந்தகன் மகன் இராசாதித்தன் பட்டான். அப்போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் பக்கம் நின்று வீரம் காட்டிய மணலேரன் என்பானை நோக்கி, வேண்டியது கேள் என்றான் மன்னன். அவன் மன்னனது காளி என்னும் வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். பின்னர் அந்நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருது, இரண்டும் ஒருங்கே மாய்ந்தன. கல் நடப்பட்டது நாய்க்கு. உயிரோடிருந்த மணலேரனுக்குக் கங்க அரசன் பூதுகன் ஊர்களை அளித்தான்; வாள் கழுவுதல் என்று பொருள்படும் சொல்லால் அக்கொடை அங்குக் குறிக்கப்படுகிறது. குருதியைக் கழுவி வாளை உறையிலிடுபவனுக்கு அளிப்பது அது. உதிரப்பட்டிக்கு எதிர்முகமான சொல்லாக இதனை வைத்து எண்ணுதல் தகும்.

நெடுங்காலம் கடந்து வருவோம். முதல் உலகப்போர்க்குப் பின் இந்தியச் சிற்றூர்கள் பலவற்றில் சிறு கற்பலகைகள் பதிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலும் அவற்றைச் சாவடிச் சுவர்களிலும் பிற பொதுவிடங்களிலும் காணலாம். இவ்வூரிலிருந்து 1914–1919 பெரும்போருக்கு இத்தனைபேர் சென்றனர், அவருள் இத்தனைபேர் உயிர்நீத்தனர் என்பதே அவற்றின் வாசகம். பெயர்கள் இல்லை; எண்களே உள. அயலாட்சியின் சுருக்கமான கணக்கு என்று அதனைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் நடுகல்லின் வாசகத்தோடு ஒப்பிடுங்கால் ஒரு வேறுபாடு புலனாகிறது. ‘பட்டான்’ என்னும் வினைக்கு முன்னர்ச் ‘சென்றனர்’ என்னும் வினை இங்கே கல்லேறியிருக்கிறது. சென்றோர் தொகையினின்றும் பட்டோர் தொகையைக் கழித்தால் எஞ்சுவோர் மீண்டவர். கழித்தற் கணக்காகவேனும் மீண்டவன் கல்லில் இடம் பெற்றான்.

அடுத்த உலகப்போர் இவ்வினாவை வேறொரு வகையில் எழுப்பியது. 1942-ஆம் ஆண்டு தோன்றி, 1943-ஆம் ஆண்டு சுபாசு சந்திரபோசு தலைமை ஏற்றபின் விரிந்த இந்திய தேசிய இராணுவத்தில், மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் பெருந்தொகையாகச் சேர்ந்தனர். சென்னையிற் பிறந்த மருத்துவர் இலட்சுமி தலைமையில் அமைந்த ஜான்சிராணிப் படையிலும் தோட்டத்துத் தமிழ்ப்பெண்டிர் பலர் இருந்தனர். 1944-ஆம் ஆண்டு இம்பால் முனையில் அப்படை பின்வாங்கியது. 1945-இல் போர் முடிந்தது. அவ்வாண்டு இறுதியில் செங்கோட்டையில் தொடங்கிய வழக்கில் தலைவர் மூவர்க்காக நாடே கிளர்ந்தெழுந்தது. 1946 சனவரியில் அவர்தம் தண்டனை நீக்கப்பட்டது. விடுதலைக்குப் பின்னரோ, அப்படையினர் இந்தியப் படையில் மீளச் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. முழக்கம் அவர்க்குக் கிடைத்தது, பணி கிடைக்கவில்லை. முல்லைப்பாட்டின் அரசன் தன் மூதாளர்க்குச் செய்ததைப் புதிய நாடு தன் வீரர்க்குச் செய்யவில்லை என்று கூறின், அது மிகையாகாது.

மைய அரசு விடுதலைப் போராட்ட வீரர்க்கு ஓய்வூதியத் திட்டம் வகுத்தது 1972 ஆகத்து 15-ஆம் நாள். விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டு அது. செங்கம் நடுகற்கள் நூலாக வெளிவந்த ஆண்டும் அதுவே. தேசிய இராணுவத்தாரும் இத்திட்டத்துள் அடங்கினர். ஆயினும் ஆண்டு வருவாய் 5,000 ரூபாய்க்கு மேற்படாதவர்க்கே அது உரியதாயிருந்தது. அஃதாவது வறியவர்க்கு உதவி என்னும் நிலையிலேயே தொடங்கியது. அவ்வரம்பை நீக்கி, அதனை மதிப்புக்கு அடையாளமாக ஆக்கியது 1980-ஆம் ஆண்டே. 1943-இல் இருபது வயதினனாகப் படையிற் சேர்ந்தவன் அப்போது ஐம்பத்தேழு வயதினன். முப்பத்தைந்து வயதிற் சேர்ந்தவன், உயிரோடிருந்தானாயின், எழுபத்திரண்டு வயதினன். பெருஞ்சிறப்புகள் இன்னும் தாழ்த்து வந்தன. இலட்சுமி அம்மையார்க்குப் பத்ம விபூசண் விருது அளிக்கப்பட்டது 1998-இல். ஜான்சிராணிப் படையில் அவர்க்குத் துணைநின்ற மலேயாத் தமிழ்ப்பெண்மணி ஜானகி ஆதி நாகப்பனுக்குப் பத்மஸ்ரீ அளிக்கப்பட்டது 2000-இல்.

ஓய்வூதியம் பெறுதற்குச் சிறையிலோ முகாமிலோ அடைபட்டிருந்தமைக்குச் சான்று வேண்டும். ஏடு கிடைக்காதவிடத்து, உடன் சிறையிருந்தவர் சான்று ஏற்கப்பட்டது. நடுகல்லுக்கு ஊரார் கண்ட சாவே சான்றாயிற்று. மீண்டவனுக்கோ, அவனைப்போல் மீண்ட மற்றொருவன் வாய்ச்சொல் வேண்டியிருந்தது. சான்று கூறுவானும் அவனொத்த முதியவனே. ஆண்டுதோறும் அத்தகையார் தொகை குறைந்து வந்தது. தோட்டத்திற் பெயர் மட்டும் கொடுத்துப் படையிற் சேர்ந்து, ஊர் திரும்பியபோது கையில் ஒரு தாளும் இல்லாதவர்க்கு, உடனிருந்த ஒருவன் இறத்தல் தம் போர்வாழ்வே அழிக்கப்படுதலை ஒக்கும். ஓய்வூதியம் பெற்றவர் இறந்தபின் அது அவர் மனைவிக்கும் மணமாகாத மகளிர்க்கும் சென்றது. அலுவலகக் கோப்புகளில் அவர்க்குரிய சொல் ‘சார்ந்தோர்’ என்பதாகும். உதிரப்பட்டி பெற்றவரும் அத்தகையாரே.