கைத்தொழிற் கல்வியும் தோட்டப் பிள்ளைகளும்

ஏட்டுக் கல்வி ஒன்றே கல்வியென்று நம்மவர் நெடுங்காலம் எண்ணி வந்தனர். பேனா பிடித்த கிராணிக்குக் கிடைத்த மரியாதை, இயந்திரத்தைப் பழுதுபார்த்த கைக்குக் கிடைத்ததில்லை. இவ்வெண்ணம் விளைத்த தீங்கு யாதெனச் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

7 முதல் 14 வயதுள்ள பிள்ளைகள் 10 பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டுமென ஐக்கிய மலாய் நாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. அக்கூட்டில் சேராத ஜொகூரிலும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. ஆயினும் அவை தந்தது தொடக்கக் கல்வியே. அதற்குமேல் கற்கப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியை நாட வேண்டும். சம்பளமும் கட்ட வேண்டும். 1926-இல் கோலாலம்பூரில் அரசாங்கத் தொழிற்பள்ளி தோன்றியது; 1938-இல் சீஸ்மன் தொழிற்கல்வி பற்றி அறிக்கை அளித்தார். தோட்டப் பிள்ளையோ பெரும்பாலும் தகப்பனின் பால்வெட்டுக் கத்தியையே பிதுரார்ஜிதமாகப் பெற்றான். பாலை உறையச் செய்து, தகடாக உருட்டி, புகையூட்டும் தொழிற்சாலை தோட்டத்திலேயே இருந்தது. அதன் இயந்திரம் ஓடும் விதத்தை அவனுக்குக் கற்பிப்பார் இல்லை!

காலம் மாறிற்று. 1965 முதல் இடைநிலைப் பள்ளியில் சேர நுழைவுத் தேர்வு தடையாக நிற்கவில்லை. தொழிற்கலை, விவசாயம், வாணிபம், மனையியல் ஆகியவற்றுள் ஒன்றைப் பயிலவும் வழி பிறந்தது. தோட்டங்களோ துண்டாடப்பட்டு வந்தன. ரப்பர் நின்ற நிலத்தில் செம்பனை நின்றது. லயத்தை இழந்த குடும்பங்கள் பட்டணம் புகுந்தன. 1977-இல் பாசிர் கூடாங்கில் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது, ஆலைகள் பெருகின. இரும்பைப் பற்றவைக்கவும் மின்கம்பி பொருத்தவும் அறிந்தவன் அங்கே தொழிலாளியானான்; அறியாதவன் மூட்டை சுமந்தான்.

அப்படியாயின், கூலியின் பிள்ளை கைவேலையோடு நிற்க வேண்டுமென்பதா நம் கருத்து? அன்று! 1953-இல் சென்னையில் இராஜாஜி அரசாங்கம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைப் பிள்ளைகள் பழக வேண்டுமென்றது. குலத்தொழிலைக் கல்வியாக்கும் திட்டமென மக்கள் கொதித்தெழுந்தனர். 1954-இல் காமராசர் அரசாங்கம் அதனைக் கைவிட்டது. பிறப்பால் சுமத்தப்படும் தொழில் தளை. பள்ளியில் விரும்பிக் கற்கும் தொழிலோ விடுதலை. இவ்வேற்றுமையை நாம் மறத்தலாகாது.

2012 முதல் மலேசியாவின் தொழிற்கல்விப் பள்ளிகள் கல்லூரிகளாக மாற்றப்பட்டன. 1993-இல் தொழில்நுட்ப ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கப் பத்து பகாட்டில் எழுந்த நிலையம், 2007-இல் துன் உசேன் ஓன் பல்கலைக்கழகமாயிற்று. கைத்திறனில் தொடங்கிய பாதை பல்கலைக்கழகம் வரை செல்லும் என்பதற்கு ஜொகூரிலேயே சான்றிருக்கிறது. படிப்பு வராத பையனை ஒதுக்கும் இடம் அதுவென்று பெற்றோர் இனியும் எண்ணலாமா? மகனோடு மகளையும் அவ்வாயிலுக்கு அனுப்புவோம். கத்தியைக் கீழே வைக்கும் கை வெறுங்கையாக நிற்றல் கூடாது.