பட்டறைக் கூலி

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் சாலையோர லாரிப் பட்டறைகளில் கூலியை நிர்ணயிக்கும் சம்பிரதாயம் மோட்டாரோடு வந்ததன்று. மாட்டுவண்டிக் காலத்துக் கொல்லுலையிலிருந்து வந்தது. பட்டறை என்ற சொல்லே அதற்குச் சாட்சி. கூடா நட்பைக் கடிய வந்த வள்ளுவர் எடுத்தாண்ட பட்டடை, கொல்லன் இரும்பை வைத்து அடிக்கும் அடைகல்தான். கொழு தீட்டிக் கொடுத்தவனுக்கு உழவன் களத்தில் நெல் அளந்தான். பெரிய வேலையென்றால் தனியே பேசிக்கொண்டார்கள். எவனும் நாழிகைக் கணக்குப் பார்க்கவில்லை.

1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. 1954இல் டாடாவும் மெர்சிடிஸ் பென்ஸும் கைகோத்தன. லாரிகள் பெருகவே, இன்ன வேலைக்கு இத்தனை மணி, மணிக்கு இவ்வளவு என்று அச்சிட்ட அட்டவணையைப் பார்த்து வசூலிக்கும் கம்பெனிப் பட்டறைகளும் வந்தன. சாலையோர மேஸ்திரி அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. அதற்கு அவருடைய அறியாமை காரணமன்று; கல்கத்தா வரை மழையிலும் சேற்றிலும் ஓடித் திரும்பிய வண்டியில் துருவேறிய ஒரு போல்ட், ஸ்பானர் பட்டதும் கழலுமா, அரைநாளைத் தின்னுமா என்று எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார். ஆகவே, "கிளட்ச் இறக்கி ஏற்ற மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வார்த்தையில் முடித்து, லாபநஷ்டத்தைத் தம் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

ஆனால் அந்தத் தொகை எப்படி அவ்வளவு குறைவாக இருந்தது? ஸ்பேரை லாரிக்காரரே கடையில் வாங்கிவருவார். கடைக்காரர் மேஸ்திரிக்கு ஒரு கமிஷனைப் பிற்பாடு தனியே சேர்ப்பித்துவிடுவார். கூலியில் குறைந்தது அந்த வழியில் வந்து சேரும். இது ஊரறிந்த ரகசியம். ஊரார் பேசாத மற்றொன்று, சாப்பாட்டுக்கும் தீபாவளித் துணிக்கும் வருஷக்கணக்கில் கிரீஸ் துடைத்த எடுபிடிப் பையன்கள். பட்டறைக் கூலி மலிவு என்று நாம் மெச்சியதில் பெரும்பகுதி அவர்களுக்குக் கொடுக்காத சம்பளமே என்பது என் அபிப்பிராயம். பதினான்கு வயதுக்குட்பட்டோரை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என்ற பொதுத்தடை 2016இல்தான் சட்டமாயிற்று.

ஓடும் எஞ்சின்மேல் நீண்ட திருப்புளியின் நுனியை ஊன்றி, அதன் பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "மூணாவது சிலிண்டர்" என்று சொல்லும் மேஸ்திரியைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சாஸ்திரத்துக்கு யாரும் காசு கொடுத்ததில்லை. கழற்றி மாட்டியதற்குத்தான் கூலி. கம்ப்யூட்டர் ஆளும் எஞ்சின்கள் வந்து, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதியும் அமலான பிறகு, திருப்புளியின் இடத்தில் ஸ்கேனர் வந்திருக்கிறது. அதைச் சொருகிப் பார்ப்பதற்கென்றே தனிக் கட்டணம் கேட்கிறார்கள். லாரிக்காரரும் பேரம் பேசாமல் கொடுக்கிறார்.