படிமமும் சுருக்கமும்: எண்ணிம ஒளிப்பட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் நெடுஞ்சாலையிற் பேராதனையைக் கடந்தபின் வருவது பிலிமத்தலாவை. 'பிலிம' என்னும் சிங்களச் சொல் 'பிரதிமா' என்ற வடசொல்லின் வழிவந்தது. தமிழில் வழங்கும் 'படிமம்' என்பதும் அதன் இனமே. இவ்வூரிலிருந்து பிரியும் பாதை கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகளுக்குச் செல்கின்றது. இரண்டும் நான்காம் புவனேகபாகுவின் ஆட்சியில், 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனியவை அமைத்த சிற்பி கணேசுவராசாரி என்பான். இலங்காதிலகத்தின் பாறையிலோ சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனம் ஒன்றும் பொறிக்கப்பட்டுள்ளது.

முற்காலத்தில் இத்தகைய சாசனத்தை ஆராய விரும்பியவர், ஈரத்தாளைப் பாறையில் ஒற்றி மைப்படி எடுத்தனர். இன்று மாணவர் கைப்பேசியாற் படம்பிடிக்கின்றனர். படம்பிடித்தல் எளிதாயிற்று, ஆயின் அப்படத்தைச் சேமிக்கும்போதும் அனுப்பும்போதும் அதன் பருமன் சுருக்கப்படுகின்றது. தரம் குன்றாமற் சுருக்குதல் இயலுமா என்ற வினா இங்கே எழுகின்றது. அவ்வினாவின் வரலாற்றைச் சுருங்க நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணிமப் படம் என்பது எண்களின் அணிவகுப்பு. அகலத்தில் 4000, உயரத்தில் 3000 எனப் பிக்சல்கள் கொண்ட படத்தில் 1 கோடியே 20 இலட்சம் பிக்சல்கள் உள. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டுமாயின் மொத்தம் 36 மெகாபைட் ஆகும். ஆயினும் அப்படம் கைப்பேசியிற் பெரும்பாலும் சில மெகாபைட் அளவிலேயே இருக்கக் காண்கிறோம். எஞ்சியது எங்குச் சென்றது?

விடையை நம் எழுத்து மரபிலிருந்தே விளக்கலாம். பழைய கணக்கேடுகளில் வருடம், மாதம், நாள் என்னும் சொற்களுக்கு ௵, ௴, ௳ என்ற குறிகள் வழங்கின. இடம் குறைந்தது, பொருள் சிறிதும் குறையவில்லை. இது இழப்பற்ற சுருக்கம். மற்றொரு வழக்கமும் இருந்தது. கல்வெட்டுகளிலும் ஏடுகளிலும் மெய்யெழுத்தின் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. ஒகரக் குறில் நெடில் வேறுபாடும் காட்டப்படவில்லை. ஆகவே 'கொல' என எழுதப்பட்டதைக் கொல் எனவும் கோல் எனவும் படிக்க இடமுண்டு. படிப்பவரின் அறிவு குறையை நிரப்பும் என்ற நம்பிக்கையில் ஒன்று விடப்பட்டது. இஃது இழப்புடைய சுருக்கம் போன்றது என்க.

கணினியுலகிலும் இவ்விரு வழிகளே உள. 1948இற் குளோட் சனன் தகவலை அளக்கும் முறையை வகுத்தார். அடிக்கடி வரும் குறிக்குக் குறுகிய வடிவமும் அரிதாய் வருவதற்கு நீண்ட வடிவமும் தரும் முறையை 1952இல் டேவிட் அஃப்மன் வெளியிட்டார். 1977இல் இலெம்பல், சிவ் என்னும் இருவர், முன்னர் வந்த தொடரை மீண்டும் எழுதாது சுட்டிச் செல்லும் முறையை அளித்தனர். 1996இல் வந்த பிஎன்ஜி வடிவம் இவ்விரு முறைகளையும் பயன்கொள்வது. எனினும் இயற்கைக் காட்சியின் ஒளிப்படத்தை இவ்வழியாற் பத்திலொன்றாகச் சுருக்குதல் பொதுவாக இயலாது.

அதனைச் செய்வித்த வழியைக் கண்டவர் 1940இற் பெங்களூரிற் பிறந்து, பின்னர் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய நசீர் அகமது ஆவார். 1972இல் அவர் இவ்வாய்வுக்கு அந்நாட்டுத் தேசிய அறிவியல் நிறுவனத்திடம் நிதி வேண்டினார்; அது மறுக்கப்பட்டது. ஆயினும் ஆய்வு நிற்கவில்லை. 1974 சனவரியில் நடராஜன், கே. ஆர். ராவ் என்போருடன் இணைந்து, தனிநிலைக் கோசைன் உருமாற்றம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1992இல் உருவான ஜேபெக் நியமம் இதனையே அடித்தளமாகக் கொண்டது.

அம்முறை மனிதக் கண்ணின் இயல்பை நம்பியது. ஒளிவேறுபாட்டைக் கண் நுட்பமாக உணரும். நிறவேறுபாட்டை அவ்வளவு உணராது. ஆதலின் முதலில் நிறத்தகவல் குறைக்கப்படும். பின்னர்ப் படம் எட்டுக்கு எட்டுப் பிக்சல் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்தின் மெல்லிய மாற்றங்களும் விரைவான மாற்றங்களும் வேறாக்கப்படும். விரைவான நுண்மாற்றங்களின் எண்கள் தோராயமாக்கப்படும். அவற்றுட் பல சுழியமாகிவிடும். எஞ்சியவை அஃப்மன் முறையிற் சுருக்கி எழுதப்படும். முகமோ மலைக்காட்சியோ ஆயின் பத்திலொன்றாகச் சுருங்கினும் கண் வேறுபாட்டை எளிதில் அறியாது.

ஆயின் சாசனத்தின் நிலை வேறு. தேய்ந்த பாறையில் எழுத்தின் மெல்லிய கீற்று என்பது, கணினியின் நோக்கில், விட்டுவிடத்தக்க நுண்மாற்றமே. மிகுதியாகச் சுருக்கினால் அக்கீற்று மழுங்கும். அதனருகே கல்லில் இல்லாத நிழற்கோடும் தோன்றும். அன்று எழுதியவன் விட்ட புள்ளியைப் படிப்பவர் அறிவால் நிரப்பினர். இன்று கருவி விட்ட கீற்றை எதனால் நிரப்புவது? 2013இல் டேவிட் கிரீசல் என்னும் ஜெர்மானியர், வேறொரு சுருக்கமுறையைக் கையாண்ட நகலெடுப்பு இயந்திரங்கள் ஆவணத்திலிருந்த 6 என்ற எண்ணை 8 என மாற்றி அச்சிட்டதை வெளிப்படுத்தினார். நகல் தெளிவாயிருந்தது, உண்மை மாறியிருந்தது. தெளிவு வேறு, மெய்ம்மை வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்வரலாற்றிலிருந்து சில நெறிகள் பெறப்படும். மூலப்படத்தைச் சுருக்காமற் பேணுதல் முதலாவது. திருத்தமும் சுருக்கமும் படியிலேயே நிகழ வேண்டும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் இழப்புச் சேரக்கூடும். எனவே இடைநிலைப் படிகளை இழப்பற்ற வடிவில் வைத்தல் நன்று. திரையிற் காட்டுவதற்கு மட்டுமாயின், தரத்தை மிகத் தாழ்த்துவதினும் அகல உயரங்களைக் குறைப்பதே சிறந்தது. எழுத்துள்ள படத்தைச் செய்திச் செயலிகளில் அனுப்பும்போது படமாகவன்றிக் கோப்பாக அனுப்புதல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. மூலம் அழிந்தால் படியே மூலமாகும் என்பதை அறிந்த சமூகம் நம்முடையது. 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தோன்றி ஈழத்து ஆவணங்களைப் படியெடுத்துவருவது இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. இலங்காதிலகத்துப் பாறையும் மழையிலும் வெயிலிலும் தேய்வதே. நாளை அதனைப் படிப்போர் நாம் இன்று சேமிக்கும் படத்தையே நம்ப நேரிடலாம். எதை விடலாம் என்பதைக் கருவி முடிவுசெய்ய விடாது, படம்பிடிப்போரே அறிந்து முடிவுசெய்தல் கடனாகும்.